திரையில் மயில்கழுத்து, தாளில் மங்கிய நீலம்: பக்க வடிவமைப்புக்கு ஆர்ஜிபி–சிஎம்ஒய்கே முழு வழிகாட்டி

போனில் எடுத்த பட்டுப்புடவைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மயில்கழுத்து நிறம். திரையில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே மினுங்குகிறது. அதே படம் ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் அச்சாகி வரும்போது பலமுறை துவைத்த பருத்திப் புடவை மாதிரி ஆகிவிடுகிறது. கடைக்காரர் அச்சகத்தைத் திட்டுவார். அச்சகத்தார் டிசைனரைக் கைகாட்டுவார். டிசைனர் "என் மானிட்டர்ல சரியாத்தான் சார் இருந்துச்சு" என்பார். உண்மையில் அந்த மயில்கழுத்து நான்கு மைகளின் எல்லைக்குள்ளேயே கிடையாது. அதற்குப் பதிலாக எந்த நிறத்தை வைப்பது என்று யாராவது முடிவெடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடும்.

அந்த முடிவை நீங்களே எடுப்பதற்கான வழி இது. புத்தகம், சபா மலர், திருமண அழைப்பிதழ், கடை விளம்பரம் என்று இன்டிசைனில் பக்கம் கட்டுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கூடவே போட்டோஷாப்பும் அக்ரோபேட்டும் வரும். கோரல்ட்ரா, கேன்வா ஆட்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: மூலப் படம் எப்போதும் ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு–பச்சை–நீல முறை) இருக்கட்டும், எந்தத் தாளில் அச்சாகப் போகிறது என்று தெரிந்தபின், ஒரே ஒருமுறை, அந்தத் தாளுக்காக மாற்றுங்கள். "பிரிண்டுக்குப் போகும் வேலை, அதனால் முதல் நாளே எல்லாவற்றையும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை முறை) ஆக்கிவிடு" என்பது பல டிடிபி மையங்களில் சொல்லித்தரும் பழக்கம். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது இல்லை.

அடிப்படை, சுருக்கமாக

திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுதாக ஏற்றினால் வெள்ளை. மை அதற்கு நேர்மாறாகத் தாளில் விழும் ஒளியைத் தின்றுதான் நிறம் காட்டும். சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வர வேண்டும். நிஜ மைகள் அவ்வளவு சுத்தமில்லாததால் அழுக்குப் பழுப்புதான் வரும். அதனால்தான் நான்காவதாகத் தனிக் கறுப்பு.

இரண்டிலும் எண்கள் மட்டும் நிறத்தைச் சொல்லிவிடாது. சியான் 100, மெஜந்தா 70 என்ற அதே கலவை பூச்சுள்ள ஆர்ட் கார்டில் ஒரு நீலம், பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் இன்னொரு நீலம், நாளிதழ்த் தாளில் மூன்றாவது நீலம். "இந்த எண், இந்தத் தாளில், இந்த மையில் இப்படித் தெரியும்" என்று சொல்லும் அட்டவணைதான் புரொஃபைல். 1993இல் தொடங்கிய ஐசிசி என்ற அமைப்பு இதற்குப் பொதுவான வடிவம் கொடுத்தது. திரைப் பக்கம் நமக்குத் தெரிந்த எஸ்ஆர்ஜிபியை எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 1996இல் முன்வைத்தன. அடோபி ஆர்ஜிபி 1998 அதைவிட அகலமானது, முக்கியமாகப் பச்சை–நீலப் பக்கத்தில். கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்துப் படம் எடுப்பவர்கள் புரொஃபைலைப் படத்திலிருந்து கழற்றிவிடாமல் அனுப்ப வேண்டும். கழற்றினால் எதிர்முனையில் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு படம் வெளிறிப்போகும்.

படி 1: மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு போன்

அச்சகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்)? அட்டைக்கு மேட் லேமினேஷனா, கிளாஸா? எந்த புரொஃபைலுக்குப் பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கிறீர்கள்? நான்கு மையும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை சதவீதம் தாங்கும்? பிடிஎஃப் எந்த வகையில் வேண்டும்?

சென்னையில் இதற்கு வரும் பதில்கள் இரண்டு வகை. "ஃபோக்ரா39, மை 300, எக்ஸ்-1ஏ பிடிஎஃப்" என்று மூச்சுவிடாமல் சொல்லும் அச்சகங்கள் உண்டு. "எதுவா இருந்தாலும் அனுப்புங்க சார், பாத்துக்கலாம்" என்று சொல்லும் அச்சகங்களும் உண்டு. இரண்டாவது பதில் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். அவர்கள் அண்மையில் அதே தாளில் அடித்த வேலை ஒன்றின் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். தாள் தாளாக அடிக்கும் ஷீட்ஃபெட் ஆஃப்செட்டில் ஆர்ட் பேப்பர் என்றால் 'கோட்டட் ஃபோக்ரா39' புரொஃபைல், மேப்லித்தோ என்றால் 'அன்கோட்டட் ஃபோக்ரா29'. இரண்டும் அடோபி மென்பொருளோடே வருகின்றன, நல்ல தொடக்கம்.

தாளை நீங்களே வாங்கிக் கொடுக்கும் வேலையாக இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு தாள் மாதிரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வையுங்கள். புத்தகங்களுக்குப் பலரும் கேட்கும் நேச்சுரல் ஷேட் தாள் வெள்ளை கிடையாது, இளமஞ்சள். அதில் வெளிர்நீல வானம் கொஞ்சம் பச்சையடிக்கும். இதைத் திரையில் எதிர்பாராமல் தாளில் பார்த்து அதிர்ந்தவர்கள் நிறைய.

மை வரம்பு ஏன் முக்கியம் என்றால், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு மையும் விழும் இடத்தில் மொத்தம் 400 சதவீதம் வரை போகலாம். எந்தத் தாளும் அதைத் தாங்காது. காயாத மை, அடுக்கில் மேலே விழும் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கோட்டட் ஃபோக்ரா39 சுமார் 330 வரை விடும்; பல அச்சகங்கள் 300 கேட்கும். மேப்லித்தோவுக்கு 260–280க்குள் நின்றால் நிம்மதி. நாளிதழ்த் தாளுக்கு 220 முதல் 240. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் இன்னும் ஒரு படி கீழே இறங்குவது நல்லது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் எல்லாம் சரியாக அந்த ஈரத்தில்தான் மெஷினில் ஏறும். அப்போது மை மெதுவாகக் காய்கிறது. தாளும் ஈரத்தைக் குடித்து விரிகிறது. விரிவதன் தொல்லை கறுப்பு எழுத்தில் தெரியும். அதைப் படி 5இல் சொல்கிறேன்.

படி 2: கலர் செட்டிங்ஸ்

அடோபி மென்பொருள்கள் நிறுவியவுடன் வட அமெரிக்க அமைப்பில் வருகின்றன: எஸ்ஆர்ஜிபியும் 'யுஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப் வி2'வும். அந்த ஸ்வாப், அமெரிக்கப் பத்திரிகைகளை ரோலில் அடிக்கும் வெப் ஆஃப்செட்டுக்கானது. ராயப்பேட்டையில் ஒரு ஷீட்ஃபெட் மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் அச்சாகும் ஏராளமான வேலைகள் யாரும் தேர்ந்தெடுக்காத அந்த அமைப்பிலேயே போய்க்கொண்டிருக்கின்றன.

போட்டோஷாப்பில் 'எடிட்' மெனுவில் 'கலர் செட்டிங்ஸ்' திறந்து, 'யூரோப் ஜெனரல் பர்ப்பஸ் 3' தேர்ந்தெடுங்கள். ஆர்ஜிபிக்கு எஸ்ஆர்ஜிபி, சிஎம்ஒய்கேவுக்குக் கோட்டட் ஃபோக்ரா39 வந்துவிடும். அச்சகம் தன் சொந்த புரொஃபைல் கொடுத்தால் அதை நிறுவி இங்கே ஏற்றுங்கள். இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரிலும் அதையே வையுங்கள். பிரிட்ஜ் இருந்தால் அங்கிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் பொருத்தலாம். 'கலர் மேனேஜ்மென்ட் பாலிசிஸ்' என்ற பகுதியில் ஆர்ஜிபிக்கு 'பிரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்'. இன்டிசைனில் சிஎம்ஒய்கேவுக்கு 'பிரிசர்வ் நம்பர்ஸ்'. இரண்டாவது மிக முக்கியம். இது இல்லாவிட்டால் நீங்கள் 100 சதவீதக் கறுப்பு என்று வைத்த எழுத்தை, வேறு புரொஃபைலுக்குப் போகும்போது மென்பொருள் நான்கு மையாகப் பிரித்துவிடும்.

மானிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வேலை செய்தால் அச்சு எப்போதும் இருட்டாகத்தான் தெரியும். பாதிக்கும் கீழே இறக்குங்கள். அளக்கும் கருவி இருந்தால் 80 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு). அச்சுத் தாளை ஒப்பிட்டுப் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் தரம். அலுவலகங்களில் தொங்கும் வெள்ளை டியூப்லைட் பெரும்பாலும் 6500. நீலம் தூக்கலாகவும் சிவப்பு சோர்வாகவும் தெரியும். பகலில் நேர்வெயில் படாத ஜன்னலோரம் போய்ப் பாருங்கள், அதுவே போதும்.

படி 3: படத்தை ஆர்ஜிபியிலேயே சரிசெய்யுங்கள்

வெளிச்சம், தோல் நிறம், வெட்டு, கூர்மை எல்லாம் ஆர்ஜிபியில்தான். மூன்று சேனல், கோப்பும் சிறியது, எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். மாற்றத்துக்கு முன்பே 'வியூ' மெனுவில் 'புரூஃப் செட்டப்', பிறகு 'கஸ்டம்' போய் உங்கள் அச்சு புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் படம் ஆர்ஜிபியிலேயே இருக்கும். பார்வை மட்டும் அச்சு போல மாறும். 'சிமுலேட் பேப்பர் கலர்' போட்டால் தாளின் மங்கலும் சேரும். போட்டவுடன் படம் செத்துப்போன மாதிரி இருக்கும். ஒரு நிமிடம் திரையில் வேறு வெள்ளை எதுவும் தெரியாமல் வைத்துப் பாருங்கள், கண் பழகிவிடும்.

ஷிஃப்ட்-கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் எல்லைக்கு வெளியே உள்ள நிறங்கள் சாம்பலாக மூடித் தெரியும். இந்த எச்சரிக்கையை நான் அதிகம் நம்புவதில்லை. இம்மி அளவு வெளியே உள்ள நிறமும், ஊர் தாண்டிப் போன நிறமும் அதற்கு ஒன்றுதான். ஒரு பூவின் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். புடவை முழுக்கச் சாம்பலானால் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

எந்த நிறங்கள் தொல்லை தரும் என்று நம் புடவைக்கடை மொழியிலேயே சொல்லிவிடலாம். மாம்பழ மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பிரச்சினையில்லை. மஞ்சள் மையும் மெஜந்தாவும் பலமானவை. அரக்கும் நன்றாகவே வரும். கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்திரிப்பூ நிறம், எம்.எஸ். புளூ ஆகிய நான்கும் அடிவாங்கும். பளீர் ஆரஞ்சும் ஓரளவு சோரும்.

நீலத்துக்குத் தனியாக ஒரு சாபம் உண்டு: அது கத்திரிப்பூவாகிவிடும். திரையின் சுத்த நீலம் ஸ்வாப் புரொஃபைலில் சியான் 88, மெஜந்தா 77 ஆக மாறுகிறது. தாளில் பார்த்தால் ஊதா. நீலம் நீலமாகவே தெரிய வேண்டுமானால் மெஜந்தா சியானைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்க வேண்டும் என்பது அச்சகப் பாடம். எம்.எஸ். புளூ புடவைப் படத்துக்கு, புரூஃப் பார்வையை ஏற்றிவைத்துக்கொண்டு ஒரு 'ஹியூ/சாச்சுரேஷன்' லேயர் போட்டு, நீலத்தை மட்டும் சியான் பக்கம் சிறிது தள்ளுங்கள். திரையில் அது கொஞ்சம் தப்பாகத் தெரியும். தாளில் சரியாக இருக்கும். இந்த லேயருக்கு 'அச்சுக்கு மட்டும்' என்று பெயர் வைத்துவிடுங்கள். திரைக்கு எடுக்கும்போது அதன் கண் குறியை அணைத்து லேயரை மறைத்துவிடலாம்.

படி 4: மாற்றும் விதம்

'இமேஜ்' மெனுவில் 'மோட்' போய்ச் சிஎம்ஒய்கே என்று சொடுக்குவது விரைவான வழி. எந்த புரொஃபைல், எந்த விதம் என்று அது கேட்காது. 'எடிட்' மெனுவின் 'கன்வர்ட் டு புரொஃபைல்' எல்லாவற்றையும் கேட்கும், அதையே பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே 'அசைன் புரொஃபைல்' என்று ஒன்று உண்டு. கன்வர்ட் செய்தால் தோற்றத்தைக் காப்பாற்ற எண்கள் மாறும். அசைன் செய்தால் எண்கள் அப்படியே, தோற்றம் மாறும். புரொஃபைல் இல்லாத படத்துக்கு மட்டுமே அசைன்.

'இன்டென்ட்' என்ற பெட்டியில் நான்கு வழிகள் இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு. 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' எல்லைக்குள் இருக்கும் நிறங்களைத் தொடாது. வெளியே இருப்பதை அருகிலுள்ள எல்லைக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும். 'பெர்செப்சுவல்' எல்லா நிறங்களையும் சேர்த்து உள்ளே சுருக்கும்.

பெரும்பாலான படங்களுக்கு முதலாவது, 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' போட்டு. ஆனால் அந்த மயில்கழுத்துப் புடவையைப் பாருங்கள். மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. அத்தனையும் எல்லைக்கு வெளியே. முதல் வழியில் போனால் அந்த ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மடிப்பு காணாமல் போய்ப் புடவை அட்டைபோலத் தெரியும். பெர்செப்சுவலில் நிறம் இன்னும் கொஞ்சம் மங்கும், மடிப்பு தப்பிக்கும். புடவை விற்பவருக்கு மடிப்புதான் முக்கியம் என்பது என் கட்சி. பிரிவியூவைப் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவெடுங்கள்.

சேமிக்கும்போது டிஃப் அல்லது பிஎஸ்டி. பிஎன்ஜி வடிவத்தில் சிஎம்ஒய்கே கிடையாது என்பதால் வாட்ஸ்அப்பில் வரும் பிஎன்ஜி லோகோக்கள் எல்லாம் ஆர்ஜிபிதான். லோகோவுக்கு வெக்டர் கோப்பைக் கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். லோகோ பேண்டோன் (எண்ணிட்ட ஆயத்த மை) நிறத்தில் இருந்து, அதைத் தனி மையாக அடிக்கக் காசு இல்லையென்றால், கம்பெனியிடமே சிஎம்ஒய்கே எண்களைக் கேளுங்கள். 2022 நவம்பரில் அடோபி பெரும்பாலான பேண்டோன் தொகுப்புகளை எடுத்துவிட்டது. பழைய பிஎஸ்டி சிலவற்றில் அந்த நிறம் கறுப்பாகத் திறந்தால் காரணம் அதுதான்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று: எல்லாப் படத்தையும் இப்படிக் கையால் மாற்ற வேண்டியதில்லை. சிக்கலான இரண்டு மூன்று படங்களுக்கு மட்டும் போதும். மற்றவற்றை ஆர்ஜிபியாகவே இன்டிசைனில் வைத்து, பிடிஎஃப் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: கறுப்பு

வண்ணத்துக்காக மெனக்கெடுபவர்கள்கூடக் கறுப்பில் கோட்டைவிடுகிறார்கள். திரையின் கறுப்பு 0, 0, 0 என்பது ஸ்வாப் புரொஃபைலில் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆக மாறுகிறது. மொத்தம் 300. ஃபோக்ரா39இல் இதைவிட அதிகம். படத்தின் நிழலுக்கு அது சரி. ஒன்பது பாயின்ட் தமிழ் எழுத்துக்கு அது நாசம்.

நான்கு பிளேட்டும் இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். மழைக்காலத் தாள் விரிந்தால் உட்காராது. ஆங்கில எழுத்து கொஞ்சம் தாங்கும். தமிழில் ழ, ணை, கூ போன்றவற்றின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் முதலில் போகும். புள்ளியைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் தெரியும். சுழி அடைத்துக்கொள்ளும். ஆகவே எழுத்து என்றால் கறுப்பு மை மட்டும் 100. இன்டிசைனில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'பிளாக்' ஸ்வாட்ச் அதுதான். 'பிரிஃபரன்சஸ்' உள்ளே 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' போய் அந்த ஸ்வாட்ச் ஓவர்பிரிண்ட் ஆகும்படி, அதாவது கீழுள்ள நிறத்தின் மேலேயே அச்சாகும்படி, இருக்கிறதா என்று பாருங்கள். நிறப் பின்னணிமேல் எழுத்து வரும்போது கீழே வெள்ளை ஓட்டை விழாது.

வேர்டில் தட்டச்சு செய்து வரும் கட்டுரைகள்தான் பெரிய களவாணி. கொண்டுவந்து வைத்ததும் ஸ்வாட்ச் பட்டியலில் 'வேர்ட்_ஆர்0_ஜி0_பி0' போல ஒரு பெயர் புதிதாக முளைக்கும். பார்க்கக் கறுப்புதான், உள்ளே ஆர்ஜிபி. அந்த ஸ்வாட்சை அழியுங்கள். பதிலுக்கு எது என்று கேட்கும்போது 'பிளாக்' கொடுங்கள்.

கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று. ஷிஃப்ட்-எஃப்6 அழுத்தி 'செப்பரேஷன்ஸ் பிரிவியூ' திறந்து, கறுப்பு வரிசையின் கண் குறியை அணைத்து அதை மூடுங்கள். எழுத்தெல்லாம் மறைய வேண்டும். ஏதாவது பழுப்பாக நின்றால் அது நான்கு வண்ண எழுத்து. இந்த ஒரு சோதனையை மட்டும் எல்லா வேலைக்கும் செய்தாலே பாதிச் சண்டை குறையும். போட்டோஷாப்பில் எழுத்து வைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். தலைப்பானாலும் எழுத்து இன்டிசைனிலேயே இருக்கட்டும்.

அகலமான கறுப்புப் பரப்புக்குக் கதையே வேறு. கறுப்பு மை மட்டும் போட்ட அட்டை கரும்பலகைச் சாம்பலாகத் தெரியும். அங்கே சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 வையுங்கள். மொத்தம் 240, ஆர்ட் கார்டுக்குத் தாராளம். அந்தக் கறுப்பின்மேல் வெள்ளை எழுத்து வந்தால் பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராத அதே ரிஜிஸ்டர் பிரச்சினை மறுபடி, இப்போது தலைகீழாக. அப்போது சியான் 40, கறுப்பு 100 என்று இரண்டு மையோடு நிறுத்தி, எழுத்தைத் தடிமனாக்குங்கள்.

சாம்பலிலும் ஒரு நுணுக்கம். மூன்று மையில் நடுநிலைச் சாம்பல் வேண்டுமானால் சியான் சற்றுக் கூட வேண்டும்: 50, 40, 40 போல. மூன்றும் சமமாக இருந்தால் செம்பட்டையடிக்கும். ஆகவே கட்டங்கள், கோடுகள், அட்டவணைப் பின்னணி எல்லாம் கறுப்பு மையின் சதவீதத்திலேயே போடுங்கள்.

உள்பக்கம் ஒற்றை வண்ணப் புத்தகமா? படங்களை சிஎம்ஒய்கேவுக்குக் கொண்டுபோகாதீர்கள், நேராக கிரேஸ்கேல். மேப்லித்தோ மையை உறிஞ்சுவதால் 50 சதவீதப் புள்ளி தாளில் 70 போலத் தெரியும். போட்டோஷாப்பின் 'டாட் கெயின் 20%' என்ற அமைப்பு அதைத்தான் கணக்கில் எடுக்கிறது. முகங்கள் உள்ள பழைய படங்களை அந்த அமைப்பில் பார்த்து, நடுத்தர நிழலைத் திறந்துவிட்டபின் அனுப்புங்கள்.

படி 6: பிடிஎஃப்

இன்டிசைனில் 'எடிட்' மெனுவில் 'டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ்' சிஎம்ஒய்கேவாக இருக்கிறதா பாருங்கள். ஆர்ஜிபியாக இருந்தால் நிழல் விழும் எழுத்துகளின் கறுப்பு கெடும். பிறகு எக்ஸ்போர்ட் பெட்டியின் 'அவுட்புட்' பக்கத்தில் 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன், பிரிசர்வ் நம்பர்ஸ்' தேர்ந்தெடுத்து, டெஸ்டினேஷனில் உங்கள் புரொஃபைலைக் கொடுங்கள். ஆர்ஜிபி படங்கள் மாறும். நீங்கள் கையால் வைத்த சிஎம்ஒய்கே எண்கள் மாறாது.

அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏவா, எக்ஸ்-4ஆ? எக்ஸ்-1ஏ 2001ஆம் ஆண்டுத் தரம். எல்லாம் சிஎம்ஒய்கேவாகவோ ஸ்பாட் (தனி மை) நிறமாகவோ இருக்கும், டிரான்ஸ்பரன்சி (ஊடுருவித் தெரியும் பகுதிகள்) தட்டையாகிவிடும், எந்தப் பழைய சிடிபியும் (பிளேட் எடுக்கும் மெஷின்) விழுங்கும். எக்ஸ்-4 டிரான்ஸ்பரன்சியை உயிரோடு வைத்திருக்கும், ஆர்ஜிபியையும் அனுமதிக்கும். அதன் முன்னமைப்பு நிறமாற்றமே செய்யாது என்பதைக் கவனியுங்கள். நீங்களாக மாற்றிவைக்காவிட்டால் மாற்றம் அச்சகத்தின் மெஷினில் நடக்கும். தெரியாத அச்சகம் என்றால் நான் எக்ஸ்-1ஏ கொடுப்பேன்.

அழைப்பிதழில் தங்க ஃபாயில் வருமிடத்தை மஞ்சளில் போட்டு அனுப்புகிறார்கள். 'ஃபாயில்' என்ற பெயரில் ஒரு ஸ்பாட் ஸ்வாட்ச் செய்து, ஓவர்பிரிண்ட் வைத்து அனுப்பினால் அது தனி பிளேட்டாகப் பிரியும்.

படி 7: அனுப்புமுன்

அக்ரோபேட் புரோவில் 'அவுட்புட் பிரிவியூ' திறந்து, மறுபடி கறுப்பை மூடிப் பாருங்கள். 'டோட்டல் ஏரியா கவரேஜ்' பெட்டியில் அச்சகம் சொன்ன எண்ணைக் கொடுத்தால் மீறும் இடங்கள் ஒளிரும். பொதுவாக இருட்டான முடி, கோவில் கருவறைப் படங்கள், இரவுக் கச்சேரி மேடைகள். மீறினால் பிடிஎஃபில் ஒட்டுப்போடாமல், மூலப் படத்துக்குத் திரும்பிப் போய், மை குறைந்த புரொஃபைலில் மாற்றுங்கள்.

புரூஃப் கேட்டால் பல இடங்களில் டிஜிட்டல் மெஷினில் ஒரு பிரின்ட் எடுத்துத் தருவார்கள். எழுத்துப் பிழை பார்க்க, பக்க வரிசை பார்க்க அது நல்லது. நிறத்துக்கு அதை நம்பாதீர்கள். டோனரின் நிற எல்லை வேறு, தாளும் பெரும்பாலும் வேறு. நிறம் உயிர்நாடியான வேலையென்றால் மெஷினில் முதல் தாள் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, மெஜந்தாவைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்ல அதுதான் இடம். ஆனால் மை கூட்டிக் குறைப்பது அந்த வரிசையில் உள்ள பக்கங்கள் எல்லாவற்றையும் பாதிக்கும். புடவையைக் காப்பாற்றப் போனால் பக்கத்துப் பக்கத்தில் பாடகரின் முகம் பச்சையாகலாம்.

தாளிலிருந்து திரைக்கு

அச்சு முடிந்த கையோடு "அட்டையை வாட்ஸ்அப்ல போடணும், இபுக்கும் போடணும்" என்று கேட்பார்கள். அச்சுக்குப் போன சிஎம்ஒய்கே கோப்பை எடுத்து ஆர்ஜிபியாக மாற்றாதீர்கள். மாற்றத்தில் போன நிறம் திரும்பி வராது; மங்கிய நிறம் மங்கியே இருக்கும். மூலம் ஆர்ஜிபியில் இருந்தால், கையால் மாற்றிய படங்களின் இடத்தில் அந்த மூலத்தை வைத்து, 'டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸ்' என்பதையும் ஆர்ஜிபியாக்கி, இன்டிசைனிலிருந்து எஸ்ஆர்ஜிபி ஜேபெக் எடுக்கலாம், மயில்கழுத்தும் உயிரோடு வரும்.

மூலமே தொலைந்து, பழைய சிஎம்ஒய்கே கோப்பு மட்டும்தான் மிச்சம் என்றால் வேறு வழியில்லை. முதலில் அதற்குப் புரொஃபைல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்வாப், ஃபோக்ரா39 இரண்டையும் அசைன் செய்து, தோல் நிறமும் சாம்பலும் எதில் இயல்பாக இருக்கிறதோ அதை வையுங்கள். பிறகு எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட். அதன்பின் 'கர்வ்ஸ்' போட்டு வெள்ளையையும் கறுப்பையும் இழுத்து நிமிர்த்தி, சாச்சுரேஷனைச் சிறிது ஏற்றுங்கள். கொடி, லோகோ போன்ற தட்டையான நிறங்களைப் புதிதாகவே நிரப்புவது நல்லது.

சிஎம்ஒய்கே ஜேபெக்கை அப்படியே வலையில் ஏற்றினால் சில செயலிகள் நெகட்டிவ் போலக் காட்டும். அடோபி மென்பொருள் சிஎம்ஒய்கே ஜேபெக்கின் எண்களைத் தலைகீழாகச் சேமிப்பதும், அந்தச் செயலிகளுக்கு அது தெரியாததும்தான் காரணம். கிண்டில் இபுக் அட்டைக்கும் ஆர்ஜிபிதான் கேட்கிறார்கள். இபப் (மின்னூல் கோப்பு) இன்டிசைனிலிருந்து எடுக்கும்போது படங்கள் தானாக ஆர்ஜிபியாகும். அட்டையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரல்ட்ரா, கேன்வா, மற்றவை

கோரல்ட்ராவில் ஒரே பக்கத்தில் ஆர்ஜிபிப் பொருளும் சிஎம்ஒய்கேப் பொருளும் சேர்ந்து கிடக்கும், பார்த்தால் தெரியாது. புதுக் கோப்பு தொடங்கும்போதே முதன்மை நிறமுறையைச் சிஎம்ஒய்கே ஆக்குங்கள். முடித்தபின் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' மூலம் ஆர்ஜிபி நிரப்பல்களைத் தேடி மாற்றுங்கள். கறுப்பு எழுத்தைத் தனியாகச் சோதியுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

கேன்வாவில் கட்டணக் கணக்கு இருந்தால் 'பிடிஎஃப் பிரிண்ட்' எடுக்கும்போது சிஎம்ஒய்கே என்ற தேர்வு வரும். இலவசக் கணக்கில் ஆர்ஜிபிதான். எந்த புரொஃபைலுக்கு மாற்றுவது, கறுப்பு எழுத்து எப்படிப் பிரிய வேண்டும் என்பதெல்லாம் அங்கே உங்கள் கையில் இல்லை. ஆகவே அந்த பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் கறுப்பை மூடிப் பார்க்காமல் அச்சகத்துக்குத் தள்ளாதீர்கள். நோட்டீஸ், பிறந்தநாள் அட்டை என்றால் பரவாயில்லை. புத்தகத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. நிற மேலாண்மையை இயக்கி, புரொஃபைலைக் கொடுத்து, பிடிஎஃப் எடுக்கும்போது வெளியீடு 'பிரிண்டர்' என்று சொன்னால் ஒழுங்கான சிஎம்ஒய்கே வரும். படத்துக்குக் கிரிட்டா, அது சிஎம்ஒய்கேவில் நேரடியாகவே வேலை செய்யும்.

கோப்புகளைப் பிரித்துவைக்க மூன்று ஃபோல்டர் போதும்: 'மூலம்' என்பதில் புரொஃபைலோடு கூடிய ஆர்ஜிபி, 'அச்சு' என்பதில் கையால் மாற்றிய படங்களும் பிடிஎஃபும், 'திரை' என்பதில் எஸ்ஆர்ஜிபி ஜேபெக். அச்சுக் கோப்பின் பெயரிலேயே தாளையும் புரொஃபைலையும் சேர்த்துவிடுங்கள், 'அட்டை_ஆர்ட்கார்டு_ஃபோக்ரா39' என்பது போல. இரண்டாம் பதிப்புக்கு வேறு தாள் வந்தால் அந்த ஃபோல்டரைத் தொடாமல், மூலத்திலிருந்து புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.